இரண்டு விரற்கடை

ராமலிங்கத்தைப் போன வாரம் கயிற்றுக் கட்டிலில் விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரமும் அவன் அதே கட்டிலில்தான் கிடக்கிறான். பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். கட்டுப் போடும் வைத்தியர், ஒரு மண்டலம் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு மேல் அவரிடம் கேட்க வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. செவிலிமேடு போகும் சாலையில் ஹேமாம்புஜத்தம்மாள் தம் காலஞ்சென்ற கணவர் பேரில் யாத்ரிகர்களுக்கு ஒரு மாடிச் சத்திரம் கட்டுகிறார். வைகாசி கருட சேவைக்குள் முடிந்தாக வேண்டும். மேஸ்திரி, கோதண்டபாணி. அவருடைய தம்பி ராமலிங்கம் அங்கே கொத்தனார். பிரமோதூத வருஷத்து மாசிப் பனியில் ஒரு காலை, ஆள் போதாமல் தானே சுண்ணாம்புக் காரைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நனைந்த மூங்கில் சாரத்தில் ஏறியவன், இரண்டு ஆள் உயரத்திலிருந்து செங்கல் குவியல்மேல் மல்லாந்து விழுந்தான்.

அன்றைக்கு மூன்றாம் நாளிலிருந்து அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது. அண்ணன் தம்பி இருவரும் சொந்த ஊரான கூரத்தை விட்டுச் செவிலிமேட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம். ஒரே வாசல், ஒரே முற்றம், ஒரே உலை என்று இருந்தவர்கள். ராமலிங்கத்தின் மனைவி அங்கம்மாள் முற்றத்து மூலையில் மூன்று கல்லைக் கூட்டித் தனியாகக் கஞ்சி காய்ச்சத் தொடங்கினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மூத்தாரான கோதண்டபாணியிடம் அவள் எப்போதுமே அளந்துதான் பேசுவாள். இப்போது அவர் இருக்கும் பக்கம் திரும்புவதுகூட இல்லை.

திங்கட்கிழமை காலையில் கோதண்டபாணி தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, அங்கம்மாள் ஒரு பழம்புடவையைக் கிழித்துத் தலையில் வைக்கச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்க வாய் வராமல், தம் மனைவி தேவகியைக் கேட்டார்.

"சித்தாள் வேலைக்கு வர்றாளாம்" என்றாள் தேவகி. "நம்ம உலையிலயே அரிசி போடறேன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்கல. தடுக்கறதுன்னா நீங்க தடுங்க. ஆனா எந்த மொகத்த வெச்சிக்கினு தடுப்பீங்க?"

கோதண்டபாணி தடுக்கவில்லை. முன்னால் அவர் நடந்தார். இருபது அடி தள்ளி அவள் வந்தாள். சாலை முழுக்க அவள் கால் கொலுசின் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே போனார். அதை அவள் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தது சத்திரத்து வாசலில்தான் அவருக்குத் தெரிந்தது.

தேவகி கேட்ட கேள்விக்கு அர்த்தம் புரிய வேண்டுமானால், கோதண்டபாணியின் படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காஞ்சிபுரத்தில் மேஸ்திரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் படி என்றால் கோதண்டபாணிதான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு வியாபாரி வீட்டில் அவர் தேய்த்துக் கொடுத்த படியில் ஏறிய கல்யாணப் பெண், தன் மூக்குத்தி காலடியில் மின்னுவதைப் பார்த்து நின்றுவிட்டாளாம். சுண்ணாம்பை மூன்று தரம் அரைப்பார். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விடுவார். முட்டை வெண்கருவைக் கலந்து, கூழாங்கல்லால் நாலு நாள் விடாமல் தேய்ப்பார். ஹேமாம்புஜத்தம்மாளின் சத்திரத்தில் முட்டை என்ற பேச்சையே எடுக்க முடியாது என்பதால் இங்கே தயிர் கலப்பதாக ஏற்பாடு. அந்த அம்மாள் அவரைத் தேடிப் பிடித்ததே இந்தப் படிக்காகத்தான். கருட சேவையன்று பிரபந்தம் ஓதும் கோஷ்டி முதலில் ஏற வேண்டும், அதுவரை அந்தப் படியில் வேறு கால் படக்கூடாது என்று அந்த அம்மாள் பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தார்.

கோதண்டபாணிக்கு அது ரொம்ப சௌகரியமாகப் போயிற்று. அவருடைய விதியும் அதுதான். சுவர் எழும்பி, மாடித் தளம் இறுகி, கடைசி ஆள் இறங்கிப்போன பிறகுதான் அவர் படியில் கை வைப்பார். மிதிபட்ட செங்கல்லில் மினுக்கு நிற்காது என்று அவர் அப்பா சொல்லியிருந்தார். நிஜந்தானா என்று அவர் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆக, அவர் கட்டும் எந்த வீட்டிலும், கட்டி முடியும்வரை ஆணும் பெண்ணும் மூங்கிலில்தான் ஏறி இறங்க வேண்டும். படிக்கென்று விட்ட இடம் காலியாகவே கிடக்கும்.

அந்தக் காலி இடத்தைத் தாண்டித்தான் அன்று காலை அங்கம்மாள் உள்ளே போனாள்.

கோதண்டபாணி அவளைக் கீழேயே சுண்ணாம்புச் செக்கடியில் நிறுத்தினார். மாடு சுற்றச் சுற்ற காரையைத் தள்ளிவிடும் வேலை. அவள் மறு பேச்சுப் பேசாமல் செய்தாள். ஆனால் ராமலிங்கம் விழுந்ததிலிருந்து சித்தாட்களில் மூன்று பேர் வருவதில்லை. வெயில் ஏறியதும் மேலே காரை தீர்ந்து, கொத்தனார் வேலாயுதம் சட்டியைத் தட்டித் தட்டிக் கூப்பிட ஆரம்பித்தான். கோதண்டபாணி தெற்குச் சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது, சும்மாட்டின்மேல் காரைச் சட்டியோடு அங்கம்மாள் சாரத்துப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தாள்.

சாய்த்துக் கட்டிய பலகை. கால் வழுக்காமல் இருக்க முழத்துக்கு ஒரு மூங்கில் துண்டைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பிடிக்கக் கையும் இல்லை, இரண்டு கையும் சட்டியில். அவள் ஏழாவது துண்டில் கால் வைத்தாள். ராமலிங்கம் விழுந்தது எட்டாவதில்.

"எறங்கு" என்றார் கோதண்டபாணி. குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அங்கம்மாள் நின்றாள். பலகை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பதின்மூன்று நாளில் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"நான் எறங்கினா இந்தச் சட்டிய இந்திராணி தூக்கிக்கினு ஏறுவா. அவ கைப்புள்ளக்காரி. அவ ஏறலாமா?"

சுற்றிலும் வேலை நின்றுவிட்டது. செக்கு மாடுகூட நின்றது.

"அவரு ஆறு மாசம் முன்னாலயே சொன்னாரு மாமா. படிய வெறுஞ்செங்கல்லா மொதல்ல ஏத்திடலாம், ரெண்டு வெரக்கடை கொறச்சிக் கட்டினா பூச்சு அப்பால பூசிக்கலாம், சனங்க அதும்மேலயே ஏறி எறங்கட்டும்னு. நீங்க இன்னா பதில் சொன்னீங்கன்னு இங்க இருக்கற அத்தினி பேருக்கும் தெரியும்."

அவள் கத்தவில்லை. சொல்லிவிட்டு, சட்டி ஆடாமல், பின்னாலேயே ஒவ்வொரு துண்டாக இறங்கினாள்.

கோதண்டபாணிக்கு அது மறந்துபோயிருந்தால்தானே. சத்திரத்துக்குக் கடைக்கால் தோண்டிய நாள் அது. ராமலிங்கம் தரையில் குச்சியால் படி போல் கோடு கிழித்துக் காட்டினான். இரண்டு விரலை ஒட்டி வைத்து, இவ்வளவுதான் அண்ணா, என்றான். அத்தனை ஆட்களுக்கும் முன்னால் தம்பி தமக்குப் படி கட்டச் சொல்லிக் கொடுக்கிறானே என்று அவருக்குச் சுருக்கென்றது. "நீ மேஸ்திரியா, நான் மேஸ்திரியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ராமலிங்கமும் சிரித்துக்கொண்டே காலால் கோட்டை அழித்துவிட்டான்.

கோதண்டபாணி கொட்டகைக்குப் போய் அரிவாளை எடுத்து வந்தார். சாரத்தில் பலகையைக் கட்டியிருந்த கயிற்றைத் தாமே அறுத்தார். பலகை சரிந்து விழுந்து புழுதி எழும்பியது. மேலே இருந்தவர்களை ஏணி வைத்து ஒவ்வொருவராக இறங்கச் சொன்னார். இனிமேல் படி எழும்பாமல் யாரும் மேலே ஏற வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, காலியாகக் கிடந்த அந்த இடத்தில் நூல் பிடிக்க உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு மேல் சக்ரவர்த்தி வந்தார். ஹேமாம்புஜத்தம்மாளின் அண்ணன் பிள்ளை. பட்டணத்தில் இஞ்சினீரிங் படித்துவிட்டு வந்தவர். சத்திரத்துக்குப் பிளான் போட்டவர் அவர்தான். வேலை நிற்பதைப் பார்த்து முதலில் பதறினார். விஷயம் தெரிந்ததும் பதற்றம் போய், பிளான் சுருளை மணல் குவியலில் விரித்து நாலு பக்கமும் செங்கல் வைத்துவிட்டு, வெகுநேரம் குனிந்தபடி இருந்தார்.

"ஏறப்போற யாத்ரிகாளை நெனச்சிண்டு ஒவ்வொரு படிக்கும் உயரம் கணக்குப் போட்டேன் மேஸ்திரி" என்றார் கடைசியில். "கட்டறவா எப்படி ஏறுவான்னு ஒரு கோடுகூடப் போடலை. அது என் பிளான்லயே இல்லை."

பிறகு பென்சிலை எடுத்தார். சுவர் ஒரு முழம் எழும்பும்போதெல்லாம் செங்கல் படியும் கூடவே ஒரு முழம் எழும்ப வேண்டும் என்று எழுதினார். எல்லாப் படியிலும் பூச்சுக்காக இரண்டு விரற்கடை குறைத்தார். பென்சில் அதோடு நிற்கவில்லை. மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த கப்பி போட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். அடித்துக்கொண்டே பின்னால் நகர்வார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். ஒன்றும் இல்லை சாமி, கைப்பிடிச் சுவர் தளம் முடிஞ்ச பிறகுதானே, என்றான் வேலாயுதம். சக்ரவர்த்தி முகம் வெளுத்தது. கைப்பிடிச் சுவர் முதலில், தளம் பிறகு என்று அதையும் மாற்றினார். சுண்ணாம்பு நீற்றும் குழி நடைபாதையில் இருந்தது; அதை வடக்கு மூலைக்குத் தள்ளி, சுற்றிலும் இடுப்பளவு சுவர் வரைந்தார்.

"இந்த ரெண்டு விரற்கடை ரொம்ப நன்னா இருக்கு. யாருக்குத் தோணித்து?" என்று கேட்டார்.

வேலாயுதம் மேஸ்திரியைப் பார்த்தான். இந்திராணி பார்த்தாள். அங்கம்மாள் மட்டும் பார்க்கவில்லை.

"தோணிச்சி சாமி" என்றார் கோதண்டபாணி.

பாருங்கள், பொய் என்றும் சொல்ல முடியாது. யாருக்கு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். கயிற்றை அறுக்கத் துணிந்த கைக்கு இருந்த தைரியம் வாய்க்கு இல்லாமல் போயிற்று.

மூன்று மணிக்கு ஹேமாம்புஜத்தம்மாள் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். அதற்குள் இரண்டு படி எழும்பிவிட்டது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. காரை இறுகக் காத்திருந்தால் மேல் வேலை ஒரு வாரம் நிற்குமே, வைகாசி என்ன ஆவது என்று கேட்டார். கோஷ்டி ஏறவேண்டிய படியில் இவர்கள் ஏறினால் தம் வேண்டுதல் என்ன ஆவது என்று கேட்டார். சக்ரவர்த்தி நிதானமாகச் சொன்னார். ஆட்கள் மிதிப்பது உள்ளே இருக்கும் செங்கல்லை. கோஷ்டி மிதிக்கப்போவது அதன்மேல் புதிதாகப் பூசித் தேய்க்கும் படியை. நடுவில் இரண்டு விரற்கடை இருக்கிறது. அந்தப் பூச்சில் பெருமாள் கோஷ்டியைத் தவிர ஒரு கால் படாது.

அந்த அம்மாள் குனிந்து, தம் இரண்டு விரலைச் செங்கல்மேல் வைத்துப் பார்த்தார். கோபம் மெல்ல இறங்கியது.

"நல்ல யோசனைதான் கோதண்டபாணி" என்றார். "குடிச்சுட்டு ஏறினவன் ஒருத்தன் விழுந்ததுல நமக்கு இந்தப் புத்தியாவது வந்ததே."

அங்கம்மாள் தண்ணீர்க் குடத்தோடு நாலடி தள்ளி நின்றாள். குடம் அவள் இடுப்பில் அப்படியே நின்றது.

ராமலிங்கம் கள்ளுக் குடித்துவிட்டு ஏறினான் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. அவன் நாக்கில் கள் பட்டதே இல்லை. விழுந்த இரண்டாம் நாள், உன் தம்பிக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று ஹேமாம்புஜத்தம்மாள் கேட்டபோது, கோதண்டபாணி "தெரியலைம்மா" என்றார். கூடப் பிறந்தவனைப் பற்றி. குடித்துவிட்டு விழுந்தான் என்றால் குற்றம் கள்ளோடு போய்விடும். இல்லையென்றால் ஏன் விழுந்தான் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்துதான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். அது சித்தாட்கள் வாய் வழியாக அங்கம்மாள் காதுக்கு வந்த நாளில்தான் அவள் மூலையில் மூன்று கல்லைக் கூட்டினாள்.

இப்போதும் அவர் தலையைத் தூக்கவில்லை. செங்கல்மேல் நூலைச் சரி செய்வதுபோல் உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பிப் போயிற்று.

வேலை முடிந்தபோது ஐந்து படி எழும்பியிருந்தது. படிமேல் ஈர வைக்கோலைப் பரப்பிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். கோதண்டபாணி கை கால் கழுவிக்கொண்டு தம்பியின் கட்டில் அருகே உட்கார்ந்தார். அங்கம்மாள் முன்னாலேயே செய்தி சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. ராமலிங்கத்தின் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்க்க அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எத்தினி படிண்ணா ஆச்சி?"

"அஞ்சி."

"ரெண்டு வெரக்கடை உட்டியா?"

"உட்டேன்பா."

"செங்கல்ல நல்லாக் கொத்தி உடு. அப்பதான் பூச்சு கவ்வும். மிதிபட்டா இன்னா, தண்ணி ஊத்திக் கழுவினா போச்சி." ராமலிங்கம் இரண்டு விரலையும் ஒட்டி வைத்து, தன் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டான். "இன்னிமே அந்தப் பலகையில யாரும் ஏற வாணாம் இல்ல?"

"வாணாம்பா."

அவன் சிரித்தான். ஒரு குறை சொல்லவில்லை. அன்றைக்கு ஏன் மறுத்தாய் என்று கேட்கவில்லை. தன்னைக் குடிகாரன் என்று ஊர் சொல்வது அவனுக்கு இன்னும் தெரியாது, அங்கம்மாள் சொல்லவில்லை. கோதண்டபாணி எழுந்து முற்றத்துக்கு வந்தார்.

அங்கம்மாள் தூணோரம் நின்றிருந்தாள். கட்டில் பக்கம் கேட்காதபடி தாழ்ந்த குரலில் பேசினாள்.

"மாமா, நாளைக்கி நான் வேலைக்கு வர்ல. அந்தம்மா கிட்டப் போயி நீங்க சொல்லுங்க, அவரு குடிக்கமாட்டாருன்னு. அப்பால வர்றேன். சொல்லலேன்னா, இந்த ஊட்ல இருந்தும் அவரத் தூக்கிக்கினு கூரத்துக்கே போயிடறேன். கால் போச்சி. பேராவது இருக்கட்டும் அவருக்கு."

கோதண்டபாணி தலைப்பாகையை எடுத்துச் சுற்றிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சின்னக் காஞ்சிபுரத்துச் சன்னதித் தெருவுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது வெயில் மாடங்களைவிட்டு இறங்கியிருந்தது. ஹேமாம்புஜத்தம்மாள் வாசல் நடையில் உட்கார்ந்து பெருமாள் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். தெருவில் நின்றபடியே கோதண்டபாணி கும்பிட்டார்.

"என்ன, இந்த வேளையில?"

"என் தம்பி குடிக்கமாட்டான்மா. ஒரு நாளும் குடிச்சதில்ல. அன்னிக்கி நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் தெரியலன்னேன்."

திரிக்கும் கை நின்றது.

"அந்த ரெண்டு வெரக்கடை யோசனையும் அவனுதுதான். ஆறு மாசம் முன்னே சொன்னான். நான்தான் வாணாம்னேன். எம் படி மினுக்கு கெட்டுப்பூடும்னு. அவன் சொன்னத்தக் கேட்டிருந்தா அந்தப் பலகையே அங்க இருந்திருக்காது."

சொல்லி முடித்ததும் லேசாகும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை.

ஹேமாம்புஜத்தம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைச் சொல்லணும்னு உனக்காத் தோணித்தா, யாராவது சொல்லச் சொன்னாளா?" என்று கேட்டார்.

இங்கேயும் நழுவ ஒரு சந்து இருந்தது. தோணிச்சும்மா என்றால் போதும். அந்த அம்மாள் மனசில் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்.

"தம்பி பொஞ்சாதி சொல்லித்தாம்மா வந்தேன். நானா வந்திருக்க மாட்டேன்."

ஹேமாம்புஜத்தம்மாள் திரிகளை ஒன்றாகச் சேர்த்துத் தட்டில் வைத்தார்.

"நாளைக்குக் காலம்பற சத்திரத்துக்கு வரேன். இதை அங்கே எல்லார் எதிரிலேயும் சொல்லு. அவளையும் வரச்சொல்லு. நீ மேஸ்திரியா இருக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கறேன்." எழுந்து உள்ளே போய்விட்டார்.

கோதண்டபாணி வீடு திரும்பும்போது தேவகி மாடத்தில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். முற்றத்து மூலையில் அங்கம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவர் அவள் எதிரே போய் நின்றார்.

"சொல்லிட்டேன்மா. நாளைக்கி சத்திரத்துல எல்லார் எதிர்லயும் சொல்லணுமாம், உன்னையும் வரச் சொன்னாங்க" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பொய்யா நிஜமா என்று அவர் முகத்தில் தேடினாள். பிறகு எழுந்து, கொடியில் போட்டிருந்த பழம்புடவைத் துண்டை எடுத்து, நாளைக்கென்று சும்மாடு சுற்ற ஆரம்பித்தாள்.

அடுப்பு அந்த மூலையிலேயே எரிந்தது.